பைக்கில் ஸ்டெல்வியோ முதல் சோச்சா வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு ஐரோப்பாவில் பைக் ஓட்ட ஆசைப்படுபவர்கள் பலர் ஸ்பெயினில் ஆரம்பித்து கிரீஸில் முடியும் ஒரு வரைபடத்தோடு வருகிறார்கள். இரண்டு வாரத்தில் அதை ஓட்டி முடிக்க முடியும். ஆனால் கண்ணில் படுவது பாதிக்கு மேல் நெடுஞ்சாலையும் பெட்ரோல் பங்க்கும்தான். அதனால் இங்கே ஒரே ஒரு துண்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன்: மிலானில் பைக் எடுத்து, ஆல்ப்ஸின் தெற்குச் சரிவில் கிழக்கே ஸ்லோவேனியாவின் சோச்சா பள்ளத்தாக்கு வரை போய், வேறு வழியாக மிலானுக்கே திரும்புவது. ஏறத்தாழ 1,800 கி.மீ., 12 நாள்.

ஏன் இந்தத் துண்டு? கடற்கரைச் சாலைகள் இல்லையா?

இருக்கின்றன. குரோவேஷியாவின் அட்ரியாட்டிக் கரையோரச் சாலையும் அல்பேனியாவின் லோகாரா கணவாயும் அருமையானவை. ஆனால் முதல் தடவை போகிறவருக்கு நான் மலையைத்தான் சொல்வேன். கடற்கரைச் சாலையில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கார்களுக்குப் பின்னால் வெயிலில் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள். மலையில் காலை ஏழரைக்குக் கிளம்பினால் சாலை உங்களுடையது.

இன்னொரு காரணமும் உண்டு. முதல் உலகப் போரில் இத்தாலிக்கும் ஆஸ்திரிய-ஹங்கேரிக்கும் நடுவே இருந்த போர்முனை, 1915-இல் ஸ்டெல்வியோ கணவாயில் தொடங்கி டோலமைட்ஸ் மலைகள் வழியாக சோச்சா நதிவரை நீண்டது. இந்தப் பயணத்தின் கிழக்கு நோக்கிய பாதி கிட்டத்தட்ட அதே கோடுதான். இங்குள்ள மலைச்சாலைகள் பலவற்றைப் போட்டதே படைகள்தான்; ஊரே இல்லாத உச்சிக்கு ஏன் இவ்வளவு நல்ல சாலை என்று யோசித்தால், பதில் பெரும்பாலும் பீரங்கி.

வழியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

மிலானிலிருந்து லெக்கோ, கோமோ ஏரியின் கிழக்குக் கரை, வால்தெல்லினா பள்ளத்தாக்கு, திரானோ. அங்கே முதல் இரவு. மறுநாள் போர்மியோ, உம்பிரைல் கணவாய், சுவிட்சர்லாந்தின் சாந்தா மரியா, மறுபடி இத்தாலிக்குள் குளோரென்சா. குளோரென்சா மதில் சூழ்ந்த குட்டி ஊர். மூன்றாம் நாள் காலை ஸ்டெல்வியோ ஏறி இறங்கி மெரானோ. நான்காம் நாள் ஜியோவோ கணவாய், விப்பித்தேனோ, கார்தேனா பள்ளத்தாக்கு வழியாக கொர்வாரா. அங்கே மூன்று இரவு. அப்புறம் கோர்த்தினா, மிசுரினா, சப்பாதா. எட்டாம் நாள் தர்வீசியோ, பிரெதில் கணவாய், ஸ்லோவேனியாவின் போவெட்ஸ். ஒன்பதாம் நாள் வர்ஷிச் கணவாய்ச் சுற்று. பிறகு கோபாரித், சிவிதாலே வழியாக பஸ்ஸானோ தெல் கிராப்பா. மோந்தே கிராப்பா மலை ஏறி இறங்கி கார்தா ஏரி. கடைசி நாள் மிலான்.

ஜி.பி.எஸ். விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். தென் தைரோல் பகுதியில் ஒவ்வொரு ஊருக்கும் இத்தாலியப் பெயர், ஜெர்மன் பெயர் இரண்டும் உண்டு. டோலமைட்ஸ் பள்ளத்தாக்குகள் சிலவற்றில் லதீன் என்ற உள்ளூர் மொழிப் பெயர் மூன்றாவதாகச் சேரும். விப்பித்தேனோதான் ஸ்டெர்சிங். ஸ்டெல்வியோதான் ஸ்டில்ஃப்ஸர் யோஹ். இரண்டையும் எழுதி டேங்க் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு 400 கி.மீ. போகலாமா? நம் ஊரில் சென்னை–மதுரை ஒரே மூச்சில் போகிறோமே.

இங்கே 150 முதல் 220 கி.மீ. போதும். டோலமைட்ஸில் செல்லா மலைத்தொகுதியைச் சுற்றிவரும் நான்கு கணவாய்ச் சுற்று 60 கி.மீ.-க்கும் குறைவு, அதற்கே நின்று நின்று போனால் அரை நாள் ஆகும். கிலோமீட்டரை விட்டுவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை கணவாய் என்று கணக்கு வையுங்கள். மூன்று என்றால் நல்ல நாள். ஐந்தாவதில் கை தளர்ந்துவிடும், கண் வளைவின் முடிவைப் பார்க்காமல் முன் சக்கரத்தைப் பார்க்க ஆரம்பிக்கும். விழுவதெல்லாம் அந்த நேரத்தில்தான்.

நெடுஞ்சாலையைத் தொட வேண்டிய இடம் மிலானின் ஓரமும் கடைசி நாளும் மட்டுமே.

எந்த மாதம்?

ஜூன் பிற்பாதியிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை, இல்லையென்றால் செப்டம்பர். என்னைக் கேட்டால் செப்டம்பர். ஸ்டெல்வியோ 2,757 மீட்டர் உயரம். வழக்கமாக மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோதான் திறக்கும், நவம்பர் வாக்கில் மூடிவிடும். ஜூன் தொடக்கத்தில் டிக்கெட் போட்டுவிட்டு, பனி அகற்றவில்லை என்று போர்மியோவில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு.

ஆகஸ்ட் 15 இத்தாலியர்களுக்குப் பெரிய விடுமுறை. அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் அறையும் கிடைக்காது, சாலையும் கிடைக்காது.

நாள் குறிக்கும் முன் சைக்கிள்காரர்களின் நாட்காட்டியையும் பாருங்கள். மே மாதத்தில் ஜீரோ தி இத்தாலியா பந்தயம் வரும்போது கணவாய்களை மூடுவார்கள். செல்லா சுற்றுக்கும் ஸ்டெல்வியோவுக்கும் ஆண்டுதோறும் சைக்கிளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய நாட்கள் உண்டு. அன்றைக்கு நீங்கள் எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும் அடைத்த கதவு அடைத்ததுதான்.

இந்திய லைசன்ஸ் செல்லுமா?

சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டோடு சேர்த்துக் காட்டினால் செல்லும். பரிவாகன் தளத்தில் படிவம் 4ஏ வழியாக விண்ணப்பித்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்க வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். உங்கள் லைசன்ஸில் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான அனுமதி இருக்க வேண்டும். கார் மட்டும் இருந்தால் ஆகாது.

சீட்டு கைக்கு வந்ததும் ஆர்.டி.ஓ. வாசலிலேயே திறந்து பாருங்கள். ஓட்டுநர் விவரம் உள்ள பக்கத்தில் ஏ, பி, சி, டி, இ என்று கட்டங்கள் இருக்கும். ‘ஏ’தான் மோட்டார் சைக்கிள். அதன்மேல் முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்புங்கள். அந்த முத்திரை இல்லாவிட்டால் மிலானில் சாவி தர மாட்டார்கள். ஒரிஜினல் லைசன்ஸையும் எடுத்துப் போக வேண்டும். சீட்டு மட்டும் தனியாகச் செல்லாது.

பாரிஸிலோ ஜெர்மனியிலோ இருந்து அந்த நாட்டு லைசன்ஸோடு வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆனால் ஐரோப்பிய லைசன்ஸில் ஏ1, ஏ2, ஏ என்று படிகள் உண்டு. ஏ2 வைத்திருப்பவர் 35 கிலோவாட்டுக்கு மேல் சக்தியுள்ள பைக்கை எடுக்க முடியாது.

விசா?

இத்தாலி, ஸ்லோவேனியா, சுவிட்சர்லாந்து மூன்றும் ஷெங்கன் வட்டத்துக்குள் வருகின்றன. ஒரே விசா போதும். அதிக இரவுகள் இத்தாலியில் என்பதால் இத்தாலியிடமே விண்ணப்பியுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு முன் நேர்காணல் தேதி கிடைப்பது குதிரைக்கொம்பு, அதனால் ஜூன், ஜூலைப் பயணத்துக்குப் பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

ஷெங்கனுக்குள் எல்லை இல்லை என்று பாஸ்போர்ட்டை ஓட்டலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 2023 அக்டோபரிலிருந்து இத்தாலி தன் ஸ்லோவேனிய எல்லையில் சோதனையை மறுபடி கொண்டுவந்திருக்கிறது. பிரெதில் கணவாயில் நிறுத்தினாலும் நிறுத்துவார்கள்.

என் பைக்கையே கப்பலில் அனுப்பலாமா?

மூன்று மாதம் ஐரோப்பா முழுக்கச் சுற்றுகிறவர் யோசிக்கலாம். 12 நாளுக்கு வேண்டாம்.

அப்படியானால் எந்த பைக்கை வாடகைக்கு எடுப்பது?

இந்த இடத்தில் ஆசை கண்ணை மறைக்கும். எல்லாரும் பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஜி.எஸ்.தான் கேட்பார்கள். அதன் எடை 249 கிலோ. ஊரில் 350 சி.சி. ஓட்டிப் பழகியவர் முதல் முறையாக அதில் உட்கார்ந்து, பெட்டி மாட்டி, பழக்கமில்லாத வலதுபுறச் சாலையில், கொண்டை ஊசி வளைவின் உட்புறத்தில் நின்றுவிட்டால் கால் ஊன்றித் தாங்க முடியாது. இந்தச் சாலைகளில் வேகமும் தேவையில்லை. 500 முதல் 900 சி.சி. வரையுள்ள, 220 கிலோவுக்குள் அடங்கும் எதுவும் நன்றாக இருக்கும். யமஹா தெனரே 700 ஒரு நல்ல தேர்வு. இருக்கை உயரமானது, குள்ளமானவர்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

தனியாகப் போகிறவருக்கு ஹிமாலயன் 450-கூடத் தாராளமாகப் போதும். 196 கிலோ. சென்னைக்குப் பக்கத்தில் தயாரான வண்டியை மிலானில் யூரோ கொடுத்து வாடகைக்கு எடுப்பது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் மலையில் அது சளைக்காது, கையும் ஏற்கெனவே பழகியிருக்கும்.

வாடகைக் கடையில் என்ன கேட்க வேண்டும்?

ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். முன்பணமாக ஆயிரம், இரண்டாயிரம் யூரோ வரை பிடித்து வைப்பார்கள். வரம்பை உயர்த்திவிட்டுக் கிளம்புங்கள். விபத்தானால் உங்கள் பங்கு எவ்வளவு, நாளுக்கு எத்தனை கி.மீ. இலவசம், ஸ்லோவேனியாவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் எடுத்துப் போகலாமா: மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். வேறு ஊரில் விட்டால் கூடுதல் கட்டணம் கண்ணைக் கட்டும். இந்த வழியை நான் வட்டமாகப் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிளம்பும் முன் பைக்கைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். டயரின் ஓரத் தடிமன், பிரேக் பட்டை, கண்ணாடித் தண்டு, பெட்டிகளின் அடிப்பக்கம். முந்தைய வாடகைக்காரர் தேய்த்த கீறல் பெரும்பாலும் பெட்டியின் அடியில்தான் இருக்கும்.

வலது பக்கம் ஓட்டுவது கஷ்டமா?

நேர்ச்சாலையில் ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: பெட்ரோல் போட்டுவிட்டுக் காலியான சாலையில் ஏறும்போது, புகைப்படத்துக்கு நின்றுவிட்டுக் கிளம்பும்போது. எதிரே வண்டி இல்லாத நேரத்தில் கை தானாக இடப்பக்கம் போகும். நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் ‘வலது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஹெல்மெட்டுக்குள் யாருக்குக் கேட்கப்போகிறது!

ரவுண்டானாவில் எதிர்க்கடிகாரச் சுற்று. உள்ளே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு, அதாவது உங்கள் இடப்புறமிருந்து வருபவருக்கு வழி விடுங்கள்.

ஸ்டெல்வியோவின் 48 வளைவு... எனக்கு முடியுமா?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நிதானமாக ஏறி இறங்கியவர் என்றால் முடியும். வித்தியாசம் உயரத்தில். அடிவாரத்து ஊரான பிராத்தோவிலிருந்து உச்சிவரை 24 கி.மீ. தூரத்தில் 1,800 மீட்டருக்கு மேல் ஏறுகிறீர்கள். சாலையைப் போட்டது ஆஸ்திரியப் பேரரசு, 1820 முதல் 1825 வரை. லொம்பார்தியா அப்போது அவர்கள் கையில் இருந்தது. அதைத் தைரோலோடு இணைக்க ஒரு வழி வேண்டும். பொறியாளர் கார்லோ தொனெகானி. குதிரை வண்டி இழுக்கும் அளவுக்குச் சரிவு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டதால்தான் இத்தனை மடிப்பு. இன்றைக்கு உங்கள் முதல் கியர் அந்தக் குதிரைகளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

போர்மியோ பக்கமிருந்து வருகிறவர்கள் நேராக உச்சி ஏறி 48 வளைவையும் இறக்கத்தில் முடித்துவிடுகிறார்கள். முதல் தடவை அது வேண்டாம். உச்சிக்கு மூன்று கி.மீ. முன்னால் உம்பிரைல் சாலை பிரியும். ஆசையை அடக்கிக்கொண்டு அதில் திரும்பி, சுவிட்சர்லாந்து வழியாக குளோரென்சா போய்த் தூங்குங்கள். மறுநாள் ஏழரைக்குள் பிராத்தோவிலிருந்து ஏற ஆரம்பியுங்கள். வளைவுகளுக்கு எண் போட்ட கற்கள் உண்டு; 48-இல் தொடங்கி உச்சியில் 1. மரங்கள் தீர்ந்ததும் மேலே மீதி வளைவுகள் எல்லாம் ஒரே சுவரில் அடுக்காகத் தெரியும். அந்த இடத்தில் ஒதுங்கி நின்று பார்த்துக்கொள்ளுங்கள், ஓட்டிக்கொண்டே அண்ணாந்து பார்க்க வேண்டாம்.

நமக்கு ஊரில் இறுக்கமானது இடப்புற வளைவு. அங்கே வலப்புறம். ஏற்றத்தில் வலது கொண்டை ஊசிக்கு வரும்போது, வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். மேலிருந்து பஸ்ஸோ கேம்பர் வண்டியோ வருகிறதா என்று தலையை உயர்த்திப் பாருங்கள். வந்தால் நேர்ச்சாலையிலேயே நின்றுவிடுங்கள், வளைவுக்குள் போய் நிற்காதீர்கள். வழி காலி என்றால் கொஞ்சம் வெளிப்புறமாக நுழைந்து, பார்வையை வளைவு முடியும் இடத்தில் வைத்து, ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் பிடித்து, பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி திரும்புங்கள். நடுவில் கிளட்ச்சை முழுதாக அழுத்தினால் பைக் உள்பக்கம் சாயும். முன் பிரேக்கைத் தொடவே கூடாது. பத்து வளைவுக்குப் பிறகு கை தானே செய்யும்.

சைக்கிள்காரர்கள் நிறைய இருப்பார்கள். இறங்கும்போது அவர்கள் உங்களைவிட வேகம்.

உச்சியில் ஸ்டிக்கர் கடையும் சாசேஜ் கடையும் கூட்டமுமாகச் சந்தை மாதிரி இருக்கும். பத்து மணிக்கு முன் போய்விட்டு இறங்குவது உத்தமம்.

டோலமைட்ஸில் தினம் ஊர் மாறித் தங்கலாமா?

கூடாது என்றே சொல்வேன். கொர்வாராவிலோ அராப்பாவிலோ மூன்று இரவு ஒரே அறை. பெட்டிகளைக் கழற்றி அறையில் போட்டுவிட்டு, இலேசான பைக்கில் சுற்றுவதன் சுகம் தனி. மழை வந்தாலும் ஒரு நாளை விட்டுக்கொடுக்க முடியும்.

முதல் நாள் செல்லா சுற்று: கார்தேனா (2,121 மீ.), செல்லா, போர்தோய் (2,239 மீ.), கம்போலோங்கோ (1,875 மீ.). போர்தோயிலிருந்து அராப்பா இறங்கும் பக்கம் மட்டும் 33 வளைவு, எல்லாம் அகலமானவை, தாளம் தப்பாமல் வரும். ஸ்டெல்வியோவைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். போல்சானோவையும் கோர்த்தினாவையும் இணைக்கும் பெரிய டோலமைட்ஸ் சாலை 1909-இல் முழுதாகத் திறந்தது. போர்தோய் அதன் ஒரு துண்டு. சுற்றுலாவுக்கென்று பெருமையாகத் திறந்தார்கள், ஆறே ஆண்டில் போர்முனை ஆகிவிட்டது.

இரண்டாம் நாள் அராப்பாவிலிருந்து செல்வா தி காதோரே போய் ஜாவு கணவாய் ஏறுங்கள். 29 வளைவு, 2,236 மீட்டர். மேலே புல்வெளி, அதன் நடுவிலிருந்து நேராக எழும் ஒரு பாறை. இறங்கி ஃபல்சாரேகோ கணவாய்க்கு வந்தால் லகசுவோய் மலைக்குக் கேபிள் கார் உண்டு. மலையின் வயிற்றுக்குள் இரு தரப்பும் குடைந்த போர்ச் சுரங்கங்களுக்குள் டார்ச்சோடு இறங்கலாம். பைக் பூட்ஸோடு போகாதீர்கள்.

மிசுரினா ஏரியிலிருந்து ‘மூன்று சிகரங்கள்’ எனப்படும் பாறைமலைகளின் அடிவாரத்துக்கு ஒரு கட்டணச் சாலை 2,320 மீட்டர்வரை ஏறுகிறது. கோடையில் இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போவதே நல்லது.

ஸ்லோவேனியா வரை போவது அவசியமா?

நேரம் இருந்தால் தவறவிடாதீர்கள். சோச்சா நதியின் நிறத்தைப் புகைப்படத்தில் பார்த்தால் யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்று தோன்றும். நேரில் பார்த்தால் அதைவிடப் பச்சை.

போவெட்ஸிலிருந்து திரெந்தா பள்ளத்தாக்கு வழியாக வர்ஷிச் கணவாய், 1,611 மீட்டர், மொத்தம் 50 வளைவு. தெற்குப் பக்கம் 26, வடக்குப் பக்கம் 24. வடக்கே கிரான்ஸ்கா கோரா இறங்கும் வளைவுகளில் தார் இல்லை, உருண்டைக் கல் பதித்திருக்கிறார்கள். ஈரமானால் சோப்பு போட்ட தரைதான். பைக்கை நிமிர்த்தியே வைத்து நடைவேகத்தில் இறங்குங்கள். இந்தச் சாலையைப் போர்முனைக்குச் சரக்கு கொண்டுபோக ஆஸ்திரியப் படை ரஷ்யப் போர்க்கைதிகளை வைத்துப் போட்டது. 1916 மார்ச்சில் பனிச்சரிவு விழுந்து பலர் புதைந்துபோனார்கள். உடன் வேலை செய்த கைதிகள் கட்டிய சின்ன மரத் தேவாலயம் 8-ஆம் வளைவுக்குப் பக்கத்தில் மரங்களுக்குள் இருக்கிறது. அங்கே வண்டியை அணைத்துவிட்டு நடந்து போய் வாருங்கள்.

கிரான்ஸ்கா கோராவிலிருந்து தர்வீசியோ, பிரெதில் வழியாக மறுபடி போவெட்ஸ் வந்தால் ஏறத்தாழ 100 கி.மீ. சுற்று. இந்த வழி எதிலும் ஸ்லோவேனிய நெடுஞ்சாலை வராது, அதனால் அவர்களுடைய மின்-விஞ்ஞெட் (நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டு) வாங்க வேண்டியதில்லை. சுவிஸ் விஞ்ஞெட்டும் அப்படியே. அது நெடுஞ்சாலைக்கு மட்டும்தான், கணவாய்க்கு இல்லை.

சுங்கச்சாவடி, கேமரா, அபராதம்?

இத்தாலிய நெடுஞ்சாலையில் நுழையும்போது சீட்டு, வெளியேறும்போது பணம். மஞ்சள் நிறத்தில் ‘டி’ போட்ட வரிசை தானியங்கிக் கட்டணக் கருவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும், அதில் நுழைந்துவிடாதீர்கள். மிலானைச் சுற்றியுள்ள ஏ36 போன்ற சில சாலைகளில் சாவடியே கிடையாது. கேமரா எண்ணைப் படித்துவிடும், 15 நாளுக்குள் நீங்களே இணையத்தில் கட்ட வேண்டும்.

இத்தாலியில் ஊருக்குள் 50, வெளியே 90, நெடுஞ்சாலையில் 130. டோலமைட்ஸ் கணவாய்களில் பல இடங்களில் 60. சுவிஸ் பகுதி சில கிலோமீட்டர்தான், ஆனால் அங்கே வேக அபராதம் பயங்கரம். பலகையில் என்ன போட்டிருக்கிறதோ அதற்குக் கீழேயே போங்கள்.

பழைய நகரங்களின் மையத்தில் சிவப்பு வட்டம் போட்ட இசட்.டி.எல். (வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி) பலகை இருந்தால் உள்ளே போகாதீர்கள். ‘வார்கோ ஆத்திவோ’ என்று விளக்கு எரிந்தால் கேமரா வேலை செய்கிறது, தடை அமலில் இருக்கிறது என்று அர்த்தம். அபராதம் வாடகைக் கடைக்குப் போகும். அவர்கள் தங்கள் கட்டணத்தையும் சேர்த்து, நீங்கள் ஊர் வந்து மாதங்கள் கழித்து உங்கள் கார்டில் பிடிப்பார்கள்.

பெட்ரோல் போடுவதில் ஏதாவது சிக்கல்?

பெயரில்தான். ‘பென்சினா’ என்றால் பெட்ரோல், ‘கசோலியோ’ என்றால் டீசல். குழப்பமாக இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் முத்திரையைப் பாருங்கள்: பெட்ரோலுக்கு வட்டத்துக்குள் இ5 அல்லது இ10, டீசலுக்குச் சதுரத்துக்குள் பி7.

இத்தாலியில் ஒரே பங்க்கில் இரண்டு விலை இருக்கும். நீங்களே போட்டுக்கொண்டால் ஒன்று, ஆள் வந்து போட்டால் கூடுதல். மதியமும் ஞாயிற்றுக்கிழமையும் ஆள் இருக்கமாட்டார். இயந்திரத்தில் கார்டு செருகினால் முதலில் நூறு யூரோ அளவுக்குப் பிடித்து வைத்து, மீதியைச் சில நாள் கழித்து விடுவிக்கும். நோட்டு போட்டால் மீதிச் சில்லறை வராது, சீட்டுதான் வரும். 20 யூரோ நோட்டு ஒன்றிரண்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.

சைவம் கிடைக்குமா?

தாராளமாக. பீட்சாவும் பாஸ்தாவும் இல்லாத ஊரில்லை. வால்தெல்லினாவில் பிட்சோக்கெரி கேளுங்கள்: பக்வீட் மாவில் செய்த பட்டைப் பாஸ்தா, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, பூண்டு போட்டு உருக்கிய வெண்ணெய், பாலாடைக்கட்டி. குளிரில் ஏறப்போகிறவருக்கு அதைவிட நல்ல முதல் இரவுச் சாப்பாடு இல்லை. தென் தைரோலில் கீரை போட்ட ரொட்டி உருண்டை. போலெந்தா என்ற மக்காச்சோளக் களி எங்கும் உண்டு. மாமிசக் குழம்போடு வருமா என்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நேரம்தான் பிரச்சினை. மதியம் இரண்டுக்குச் சமையலறையைப் பூட்டிவிடுவார்கள். இரவு ஏழுக்குத்தான் மறுபடி திறக்கும். இட்லிப் பொடியைவிட ஒரு பொட்டலம் வேர்க்கடலை மிட்டாய் இந்தப் பயணத்தில் அதிகம் உதவும்.

என்ன உடுத்துவது?

போல்சானோ 262 மீட்டர் உயரத்தில் கிண்ணம் போல இருக்கும் ஊர். கோடையில் 35 டிகிரி சாதாரணம். அதே நாளில் ஸ்டெல்வியோ உச்சி அதைவிட 15 டிகிரிக்கு மேல் குளிராக இருக்கும், காற்று வேறு. ஒரே தடித்த ஜாக்கெட்டைவிட, காற்றோட்டமான பாதுகாப்பு ஜாக்கெட், உள்ளே மெல்லிய கம்பளி, மேலே மழை உறை என்று மூன்று அடுக்கு நல்லது. கையுறை இரண்டு ஜோடி. ஹெல்மெட்டை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள், ஆனால் ஐரோப்பியத் தரமான இ.சி.இ. 22 முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும், ஐ.எஸ்.ஐ. மட்டும் போதாது.

பயணக் காப்பீடு எடுத்தாகிவிட்டதே, போதுமா?

விசாவுக்குப் போதும். பைக்கில் விழுந்தால் போதுமா என்பது வேறு கேள்வி. பல பாலிசிகளில் 125 சி.சி.-க்கு மேல் ஓட்டினால் பொறுப்பில்லை என்று உள்ளே ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கும் செலவும் சேர்ந்திருக்க வேண்டும். அவசரத்துக்கு எந்த நாட்டிலும் 112.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

பைக் வாடகை நாளுக்கு 100 யூரோவைத் தாண்டும், பெரிய பைக் என்றால் இன்னும் மேலே. இருவர் அறை 90 முதல் 150 யூரோ. பெட்ரோல் பெரிய செலவே இல்லை: 1,800 கி.மீ.-க்கு 90 லிட்டர், லிட்டர் 1.70 முதல் 1.90 யூரோ என்றால் ஏறத்தாழ 150 முதல் 170 யூரோவில் முடிந்துவிடும். எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று கேட்டால் அறையில். காலை, இரவுச் சாப்பாட்டோடு சேர்ந்த ‘மெத்ஸா பென்சியோனே’ விலை கேளுங்கள். மலையில் அது தனித்தனியாகச் சாப்பிடுவதைவிட மலிவு. காப்பியை நின்றபடி குடியுங்கள், உட்கார்ந்தால் விலை ஏறும்.

மனைவியும் பின்னால் வருகிறார். அவருக்குச் சரிப்படுமா?

அவரிடம் கேளுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, ஒரு நாளில் நூறு வளைவில் பின்னால் உட்கார்ந்திருப்பது ஓட்டுவதைவிடக் களைப்பு. பெட்டியில் முதுகுச் சாய்வு இருக்கும் பைக்காகப் பாருங்கள், மதியம் மூன்றுக்குள் ஓட்டத்தை முடியுங்கள். அவரும் லைசன்ஸ் வைத்திருந்தால் இரண்டு சின்ன பைக்காக எடுப்பது இன்னும் நல்லது.

மழை பிடித்துக்கொண்டால்?

கோடையில் மலையில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு வரும். காலையில் சீக்கிரம் கிளம்பச் சொல்வது அதற்காகவும்தான். நாள் முழுக்க மழை என்றால் கணவாயை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்கில் இருங்கள். கோபாரித்தில் 1917 அக்டோபரில் இத்தாலியப் படை உடைந்த சண்டையைப் பற்றி ஒரு அருமையான அருங்காட்சியகம் இருக்கிறது; ஒரு மழை நாளை அதற்கே கொடுக்கலாம்.

எனக்கு ஏழு நாள்தான் லீவு. எதை விடுவது?

ஸ்லோவேனியாவையும் கிராப்பாவையும் விடுங்கள். முதல் நான்கு நாள் அப்படியே. கொர்வாராவில் இரண்டு இரவு. ஆறாம் நாள் பகலில் ஜாவு சுற்றை முடித்துவிட்டு போல்சானோவுக்கு இறங்கித் தூங்குங்கள். ஏழாம் நாள் நெடுஞ்சாலையில் மிலான். செல்லா சுற்றா, ஸ்டெல்வியோவா, இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் செல்லா சுற்று. ஸ்டெல்வியோவுக்குப் பெயர் பெரிது, ஓட்டுவதற்கு டோலமைட்ஸ்தான்.